வாரத்துக்கும் ஒரு வருடம் உண்டு

நான்கு வருடம் யாரும் குறை சொல்லாமல் ஓடிய ரிப்போர்ட் அது. ஜெர்மனியில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு வாடிக்கையாளருக்காகச் சென்னையிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்ட மென்பொருளில் ஒரு சின்னத் திரை. எந்த வாரத்தில் எந்தப் பாகம் எத்தனை பெட்டி கிளம்ப வேண்டும் என்ற பட்டியல். இடது ஓரத்தில் வார எண், அதற்கு எதிரே பாகங்கள். 2017 தொடக்கத்தில் எழுதியது. 2017, 2018, 2019, 2020 எல்லாம் சரியாகவே வந்தது. 2020 டிசம்பர் 28, அந்த ஆண்டின் கடைசித் திங்கட்கிழமை, பட்டியல் அந்த வாரத்தை 1 என்று காட்டியது. வாடிக்கையாளர் கையில் இருந்த திட்டத்தாளில் அது 53. அடுத்த திங்கள் எங்கள் திரையில் 2, அவர்கள் தாளில் 1. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய பிறகுதான், இரண்டாம் வாரத்துக்கு என்று திட்டமிட்ட பெட்டிகள் ஒரு வாரம் முன்னதாகவே பட்டியலில் ஏறியிருப்பதை யாரோ கவனித்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நிரல் ஜாவாவில் இருந்தது. வார எண்ணைக் கேட்கும் இடத்தில், எந்த நாட்டு வழக்கப்படி என்று சொல்லாமல் விட்டிருந்தது. சொல்லாவிட்டால் ஜாவா அது ஓடும் சர்வரின் லொக்கேலை, அதாவது எந்த நாடு, எந்த மொழி என்ற அமைப்பை, எடுத்துக்கொள்ளும். சர்வர் அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவப்பட்டிருந்தது. ஒரு வரி மாற்றினார்கள், புகார் டிக்கெட்டை மூடினார்கள், எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அது அடங்கவில்லை. விதி தப்பென்றால் முதல் நாளிலிருந்தே தப்பாக அல்லவா வந்திருக்க வேண்டும்? தப்பான விதியை வைத்துக்கொண்டு நான்கு வருடம் வாராவாரம் சரியான விடை எப்படி வந்தது? தப்பாக வந்ததை விட, அத்தனை காலம் சரியாக வந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஏனென்றால் சரியாக வருகிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் எல்லா டெஸ்டையும் எழுதியிருந்தோம்.

வார எண் நம் ஊரில் யாருடைய வாயிலும் வராத ஒன்று. நமக்கு வாரம் என்றால் கிழமைகள். அடுத்த வாரம் செவ்வாய் என்போம், இருபத்து மூன்றாம் வாரம் செவ்வாய் என்று சொல்லிக் கேட்டதில்லை. நம் கண்ணில் அது படும் ஒரே இடம் டயர் கடைதான். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்று பார்ப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். வட ஐரோப்பாவிலோ குடும்பங்களின் வருடமே இந்த எண்ணில்தான் ஓடுகிறது. சுவீடனில் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை கோத்தன்பர்க்கில் 7-ஆம் வாரம், ஸ்டாக்ஹோமில் 9-ஆம் வாரம். இலையுதிர்கால விடுமுறை 44. டென்மார்க்கில் அதே விடுமுறை 42. ஜெர்மானியர்களின் மின்னஞ்சலில் டெலிவரி தேதி என்ற ஒன்று வராது. காலண்டர் வாரம் இத்தனை என்று வரும். அவர்களுக்கு அது தெருப் பெயரைப் போல உறுதியான முகவரி. அதில் ஒன்று பிசகினால் வேறு தெருவுக்குப் போனதாகத்தான் அர்த்தம்.

வியாழக்கிழமை எந்த வருடத்தில்?

டிக்கெட் மூடிய பிறகு, திருத்தம் சரிதானா என்று உறுதி செய்ய அவர்களுடைய திட்டப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவோடு அழைப்பில் பேச வேண்டியிருந்தது. வயதில் மூத்தவர். நிரல் எழுதுபவர் இல்லை. வருடக்கணக்காக லாரிகளுக்கு வாரம் பிரித்துக் கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டார்: "இந்த 53-ஆம் வாரத்தில் பாதி டிசம்பர், பாதி ஜனவரி இருக்கிறதே, இதை 2020-இல் வைப்பதா, 2021-இல் வைப்பதா?" அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வியாழக்கிழமை எந்த வருடத்தில் இருக்கிறது? 31-ஆம் தேதி வியாழன். அப்போது இது 2020-இன் வாரம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் விதியை நான் அதற்கு முன் படிக்காமல் இல்லை. வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் இருக்கும் வாரமே முதல் வாரம் என்பது ஆவணத்தில் இருக்கிறது. 1976-இல் வார எண்ணுக்கென்றே ஒரு தனித் தரநிலை போட்டு, 1988-இல் தேதி, நேரம் எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 8601-க்குள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதை ஏதோ ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் வியாழன், புதன் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதில்லை. அந்த அம்மா சொன்ன விதத்தில்தான் அது உறைத்தது. திங்களில் தொடங்கும் வாரத்துக்கு வியாழன் நடு நாள். வியாழன் எந்த வருடத்தில் விழுகிறதோ, வாரத்தின் ஏழு நாளில் குறைந்தது நான்கு நாள் அந்த வருடத்தில்தான் இருக்கும். அதாவது வருடக் கடைசியில் இரண்டு வருடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வாரத்தை இரண்டாகப் பிளக்காமல், பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முழுசாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஏழு நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் நிற்பவரைக் கேட்டால் போதும்.

இதிலிருந்து அடுத்த படி தானாக வந்தது. ஒரு வாரத்தை முழுசாக ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிட்டால், அந்த வருடம் ஜனவரி 1-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடியும் வருடமாக இருக்க முடியாது. அது வேறு வருடம். திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். அதற்கு 365 நாள் ஒருபோதும் வராது. 364 நாள், இல்லாவிட்டால் 371 நாள். 52 வாரமோ 53 வாரமோ, துண்டு விழாது. நாம் சுவரில் மாட்டும் வருடம் ஒன்று, வாரங்களின் வருடம் இன்னொன்று. இரண்டும் பெரும்பாலான நாட்களில் ஒரே எண்ணைச் சொல்வதால் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை: சுவர்க் காலண்டரில் 2021, வாரக் கணக்கில் 2020-இன் 53-ஆம் வாரத்தின் ஐந்தாம் நாள். 2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை: சுவரில் 2024, வாரக் கணக்கில் 2025-இன் முதல் வாரம். இரண்டுமே சரி.

நான்கு வருடம் தூங்கியது எப்படி

இது புரிந்த பிறகு பழைய கேள்விக்கு ஒரு தாளில் விடை கிடைத்தது. ஏழு வரி எழுதினேன்: ஜனவரி 1 திங்களில் விழுந்தால், செவ்வாயில் விழுந்தால் என்று ஞாயிறு வரை. ஒவ்வொரு வரியிலும் அமெரிக்க விதி என்ன சொல்லும், ஐஎஸ்ஓ என்ன சொல்லும் என்று பக்கத்தில் குறித்தேன். அமெரிக்க வழக்கத்தில் வாரம் ஞாயிறில் தொடங்கும். ஜனவரி 1 எந்த வாரத்தில் இருக்கிறதோ, அதில் ஒரே ஒரு நாள்தான் புது வருடம் என்றாலும், அதுவே முதல் வாரம். நம் இந்தியாவுக்கும் மென்பொருள் தரவுகளில் இதே அமைப்புதான் இருக்கிறது.

ஜனவரி 1 திங்கள் முதல் வியாழனுக்குள் விழுந்தால் இரண்டு விதியும் ஒரே வாரத்தைத்தான் முதல் வாரம் என்கின்றன. ஞாயிறன்று மட்டும் அமெரிக்க எண் ஒன்று கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு அது அடுத்த வாரத்தின் முதல் நாள். ஜனவரி 1 ஞாயிறாகவே இருந்தால் அமெரிக்க முதல் வாரம் அன்றே தொடங்கும், ஐஎஸ்ஓ முதல் வாரம் மறுநாள் தொடங்கும். திங்கள் முதல் சனி வரை மறுபடி ஒன்றேதான். வெள்ளியும் சனியும்தான் பாக்கி. அந்த இரண்டு கிழமைகளில் வருடம் பிறந்தால் அமெரிக்க விதி அந்தத் துண்டு வாரத்தை 1 என்று சொல்லிவிடும். ஐஎஸ்ஓ அதைப் பழைய வருடத்தின் கணக்கிலேயே வைத்துவிட்டு அடுத்த திங்களில்தான் 1 என்று தொடங்கும். அந்த வருடம் முழுக்க ஒன்று தள்ளிப்போகும்.

இப்போது வருடங்களைப் பொருத்திப் பாருங்கள். 2017 ஞாயிறில் பிறந்தது. 2018 திங்கள். 2019 செவ்வாய். 2020 புதன். நான்கும் ஒத்துப்போகும் வருடங்கள். 2020 லீப் வருடம் என்பதால் அடுத்தது வியாழனைத் தாண்டி வெள்ளியில் போய் இறங்கியது. 2021 வெள்ளி, 2022 சனி. ரிப்போர்ட் எழுதிய நாளிலிருந்து 2020 டிசம்பர் 26, சனிக்கிழமை வரை, வேலை நாள் எதிலும் இரண்டு விதிக்கும் வித்தியாசமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது, ஆனால் எங்கள் பட்டியலில் ஞாயிறு என்ற வரியே கிடையாது. ஜெர்மனியில் ஞாயிறன்று பெரிய சரக்கு லாரிகள் சாலையில் ஓடவே தடை. தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே கிழமையை அந்த நாட்டுச் சட்டமே எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

அந்தத் தாளை முடித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. நான்கு வருடம் ஒத்துப்போய், இரண்டு வருடம் பிரிந்து, மறுபடி ஒத்துப்போகும் ஒரு தப்பை எந்தச் சோதனையும் சாதாரணமாகப் பிடிக்காது. நல்ல குழு, கவனமான டெஸ்ட், மூன்று வருட அனுபவம் எல்லாம் இருந்தும் பிடிக்காது. "இத்தனை நாள் ஓடியதே" என்பது நம் தொழிலில் நாம் கொடுக்கும் மிகப் பெரிய சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை.

அதே ஜனவரியில் வேறொரு குழுவின் ரிப்போர்ட்டிலும் இதே கோளாறு தெரிந்தது. அங்கே "எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிடலாம், சரியாகிவிடும்" என்று முடிவெடுத்தார்கள். சரியாகத்தான் ஆனது. விடுமுறையில் போன கடைசி வாரத்தை விட்டால் 2021 முழுக்க சரி. 2022 முழுக்க சரி. 2023 ஞாயிறில் பிறந்தது. இரண்டு விதியும் மறுபடி சேர்ந்துகொண்டன. கழித்தல் மட்டும் அங்கேயே இருந்தது. அந்த ஜனவரியின் முதல் வாரம் அவர்கள் ரிப்போர்ட்டில் பூஜ்யமாக வந்தது. கழித்தவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த எல்லா உதாரணத்திலும் வித்தியாசம் ஒன்றுதான். இரண்டு வருடத்து உதாரணங்களைப் பார்த்து ஒரு விதியை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதுதான் எனக்குப் பட்டது.

ஒரே நாளுக்கு 53, 1, 0

கருவிகள் இந்த விஷயத்தில் நமக்கு உதவுவதை விடக் குழப்புவதே அதிகம். 2021 ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியில் ஐஎஸ்ஓ காலண்டரைக் கேட்டால் 53. ஜாவாவில் அமெரிக்க லொக்கேலில் 1. எக்செலின் பழைய வீக்நம் என்ற சார்பில் (function), வேறெதுவும் குறிப்பிடாமல் கேட்டால் 1. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் வீக் என்று வெறுமனே கேட்டால் 0. அதன் இயல்புநிலை விதியில் ஆண்டின் முதல் ஞாயிறுக்கு முந்தைய நாட்கள் பூஜ்யமாவது வாரம். மைஎஸ்கியூஎல்லில் இப்படி எட்டு முறைகள் உண்டு, பூஜ்யம் முதல் ஏழு வரை எண் கொடுத்து. எண் 3 கொடுத்த முறைதான் ஐஎஸ்ஓ. எக்செல் விதி இன்னும் விசித்திரம். அது வாரத்தை டிசம்பர் 31 இரவில் வெட்டிவிடும். 2020 டிசம்பர் 28 முதல் 31 வரை 53, மறுநாள் வெள்ளி 1. ஒரே வாரத்தின் திங்களும் வெள்ளியும் வேறு வேறு வாரத்தில். ஐஎஸ்ஓவுக்கென்று எக்செலில் தனிச் சார்பு 2013 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு எழுதிய கோப்புகள் இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

விடை வேறு வேறாக வருவதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். நாடுகளுக்கு நாடு வழக்கம் மாறும், அது அவரவர் உரிமை. எந்த விதியில் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்காமல் ஒற்றை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பும் சார்புகள் மீதுதான் எனக்குக் கோபம். அந்த எண்ணோடு எந்த வருடம் என்பது வருவதில்லை, எந்த விதி என்பதும் வருவதில்லை. பைத்தானின் ஐஎஸ்ஓ காலண்டர் சார்பு இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வாரம் மட்டும் கேட்டாலும் அது தராது. வாரத்தின் வருடம், வார எண், கிழமை மூன்றையும் சேர்த்தேதான் தரும். 2021 ஜனவரி 1-ஐக் கொடுத்தால் 2020, 53, 5. வேண்டாததை நீங்கள் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தூக்கிப் போடுகிறோம் என்று தெரிந்து போடுவீர்கள். சார்பை வடிவமைத்தவர் விஷயத்தைப் புரிந்துகொண்டவர் என்பது அந்த மூன்று எண்ணிலேயே தெரிகிறது.

வார எண்ணை அதன் வருடத்திலிருந்து பிரித்து எடுப்பதால் வரும் சேதத்தை விற்பனை வரைபடங்களில் பார்க்கலாம். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் வாரத்தைக் கேட்டால் எப்போதும் ஐஎஸ்ஓ வாரம்தான் தரும், நல்ல விஷயம். ஆனால் வருடத்தைக் கேட்டால் சுவர்க் காலண்டர் வருடம். இரண்டையும் சேர்த்து வருடம், வாரம் என்று தொகுத்தால் 2021 ஜனவரியின் முதல் மூன்று நாள் விற்பனை, 2021-இன் 53-ஆம் வாரம் என்று வரைபடத்தின் வலது கோடியில் போய் நிற்கும். 2021-க்கு 53-ஆம் வாரமே கிடையாது. 2024 டிசம்பர் 30, 31 இரண்டு நாளும் 2024-இன் முதல் வாரம் என்று பன்னிரண்டு மாதம் பின்னால் போய் அந்த ஜனவரி விற்பனையோடு கலந்துவிடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. கூட்டுத்தொகைகூடச் சரியாக இருக்கும். ஐஎஸ்ஓ வருடத்துக்கென்று அங்கே தனிச் சொல் இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் இடத்தில் உட்காரும்.

இதன் மறுபக்கம்தான் நிரலாளர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் அந்தப் பெரிய ஒய் (Y) பிரச்சினை. ஜாவாவிலும் ஆப்பிளின் மொழிகளிலும் தேதியை அச்சிட வடிவம் கொடுக்கும்போது சிறிய ஒய் நான்கு போட்டால் சாதாரண வருடம், பெரிய ஒய் நான்கு போட்டால் வாரக் கணக்கின் வருடம். வருடத்தில் முந்நூற்று ஐம்பத்தொன்பது நாளாவது இரண்டும் ஒரே எண். டிசம்பர் கடைசியில் சில நாள் பெரிய ஒய் அடுத்த வருடத்தைக் காட்டும், ஐஎஸ்ஓ விதியில் என்றால் ஜனவரி தொடக்கத்தில் பழைய வருடத்தையும் காட்டலாம், குழுவில் பாதிப் பேர் விடுமுறையில் இருக்கும்போது. 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டரின் சர்வர்கள் தேதியை 2015 டிசம்பர் 29 என்று சொல்லத் தொடங்கின. ஆண்ட்ராய்டு செயலியில் இருந்தவர்கள் பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். அன்று திங்கட்கிழமை. ஐஎஸ்ஓ கணக்கில் 2015-இன் முதல் வாரத்தின் முதல் நாள். தேதியைப் பார்த்தவுடனேயே காரணம் இதுதான் என்று பல நிரலாளர்கள் அப்போதே சொன்னார்கள்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே எழுத்தின் பெரிய வடிவத்துக்கும் சிறிய வடிவத்துக்கும் இடையில் இரண்டு வேறு காலண்டர்களை வைத்தது வடிவமைப்பின் தப்பு. ஜாவாவில் பெரிய ஒய்க்கு 2011-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் இந்தப் பொருள் கொடுத்தார்கள். சி மொழியின் 1999 தரநிலையில் வார வருடத்துக்கு ஜி என்று வேறு எழுத்தே கொடுத்திருக்கிறார்கள். ஒய் எழுத வந்தவர் கை தவறி ஜி எழுத மாட்டார்.

வருடத்தை விட்டுவிட்ட வாரம்

வாரத்தை வருடத்துக்குள் அடைக்காமலேயே எண்ணும் ஒரு ஏற்பாடும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தை வார எண்ணாகத்தான் அனுப்புகின்றன. 1980 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம்; அன்றிலிருந்து வாரங்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போவார்கள். டிசம்பர், ஜனவரி என்ற பேச்சே இல்லை. வாரம் என்பது வருடத்தின் பிள்ளை அல்ல, நாட்களின் மேல் தனியாக ஓடும் ஒரு சங்கிலி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அங்கே சிக்கல் வேறு: பழைய சமிக்ஞையில் வார எண்ணுக்குப் பத்து பிட் மட்டும் ஒதுக்கியதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். அது இடம் போதாத சிக்கல். எல்லை எங்கே என்ற சிக்கல் இல்லை.

எல்லைச் சிக்கல் நமக்குப் புதிதும் அல்ல. சூரியன் ராசி மாறும் கணம் நள்ளிரவில் வரும், நண்பகலில் வரும், எப்போது வேண்டுமானாலும் வரும். மாதத்தின் முதல் தேதி என்று ஒரு முழு நாளைத்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டு வழக்கில் சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்துவிட்டால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்த பிறகு வந்தால் மறுநாள். கேரளத்தில் விதி வேறு. 2023-இல் நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14, அவர்களுக்கு விஷு ஏப்ரல் 15. வானத்தில் நடந்தது ஒன்றுதான். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் எந்த ஊர் விதி என்பதை மறைப்பதில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி இன்ன நாள் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். மென்பொருளில் நாம் செய்யத் தவறியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் எளிமையானது. டேட்டாபேஸில் வார எண்ணைச் சேமிப்பதை நிறுத்தினோம். வாரம் என்ற இடத்தில் எல்லாம் அந்த வாரத்துத் திங்கட்கிழமையின் தேதியை வைத்தோம். தேதிக்குச் சண்டை இல்லை. வரிசைப்படுத்தினால் வரிசையாக நிற்கும், ஏழு கூட்டினால் அடுத்த வாரம், 52-க்கு அப்புறம் 53-ஆ 1-ஆ என்ற கேள்வியே எழாது. வார எண் திரையில் காட்டும்போது மட்டும், ஐஎஸ்ஓ விதி என்று பெயர் சொல்லிக் கேட்டு, வருடத்தோடு சேர்த்து எழுதப்படும். வாடிக்கையாளரிடமிருந்து வெறும் வார எண்ணோடு கோப்பு வந்தால் உள்ளே விடுவதில்லை, வருடத்தையும் கேட்கிறோம். அதற்கு அவர்கள் தரப்பில் முணுமுணுப்பு இருந்தது. அந்தத் திட்டப் பிரிவு அம்மா மட்டும் அது நியாயம்தான் என்றார்.

இன்னொரு பழக்கமும் வந்தது. தேதி சம்பந்தப்பட்ட எந்த டெஸ்டிலும் இன்றைய தேதியை நம்புவதில்லை. கிரிகோரியன் காலண்டர் 400 வருடத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அந்த 400 வருடத்தில் 1,46,097 நாள், சரியாக 20,871 வாரம். அதற்குள் 53 வாரம் உள்ள வருடங்கள் 71. கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை, எல்லா நாளையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். அதற்கு நேரம் இல்லாதவர்கள் மூன்று தேதிகளை மட்டும் தங்கள் நிரலில் போட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் 2023 முதல் 2026 வரை மறுபடி அந்த ஒத்துப்போகும் நான்கு வருடங்கள். அந்தக் காலத்தில் எழுதிய எதையும் "ஓடுகிறதே" என்று நம்ப முடியாது. 2026 வியாழனில் பிறந்த வருடம், 53 வாரம் உள்ள வருடம். 2027 வெள்ளி, 2028 சனி.

அந்த மூன்று தேதிகள்: 2026 டிசம்பர் 28, 2027 ஜனவரி 1, 2027 ஜனவரி 4. விடை 53, 53, 1 என்று வந்து, கூடவே வருடம் 2026, 2026, 2027 என்று வந்தால் உங்கள் நிரல் ஐஎஸ்ஓவில் இருக்கிறது. 1, 1, 2 என்று வந்தால் அமெரிக்க லொக்கேல் எங்கோ உள்ளே இருக்கிறது. 53, 1, 2 என்றால் யாரோ எக்செலின் வீக்நம் சார்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். 52, 0, 1 என்றால் மைஎஸ்கியூஎல்லின் பூஜ்யமாவது முறை.